அம்மா இறங்காத மூன்று வருடங்கள்

மார்ச் 11, செவ்வாய்

இன்று ஏழு பேர். தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வந்து கால் கழுவுவதற்குள் வாசலில் செருப்பு குவிந்துவிட்டது. எஸ்டேட் மாரியம்மன் கோயில் திருவிழாவில் பத்தொன்பது வருடமாக அம்மா இறங்குவது என் மேல்தான். அதனால் செவ்வாய் தவறாமல் வாக்குக் கேட்க வந்துவிடுகிறார்கள். மற்ற ஆறு நாளும் இந்த வீட்டில் நானும் ரேடியோவும்தான்.

வழக்கம்போல் கடைசியாக எழுந்து போனது மாரீஸ்வரி, மூன்று வீடு தள்ளி இருப்பவள். “ஆர்த்தி பரீட்சை எழுதப் போறா மதினி. அன்னைக்கு நீங்க வாக்குச் சொல்லலைன்னா நானும் அவளோட சேர்ந்து செத்திருப்பேன்” என்றாள். இரண்டு வருடத்துக்கு முன் அவள் மகள் மூளைக்காய்ச்சலில் கிடந்தபோது, புள்ள பிழைச்சுக்கும்னு சொன்னேன். பிழைத்துக்கொண்டது. அவள் சொல்லி முடிக்கும்வரை நான் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 13, வியாழன்

போன வருடத் திருவிழாவில் யாரோ சுற்றுலா வந்தவன் நான் ஆடியதைப் படம் பிடித்திருக்கிறான். அதற்குக் குத்துப்பாட்டு போட்டு இப்போது போனுக்குப் போன் போய்க்கொண்டிருக்கிறதாம். பள்ளிவாசல் ஊர் டீக்கடைக்கு நான் போனதும் பையன்கள் போனைக் கவிழ்த்து வைத்தார்கள். “காட்டுங்கடா, நானும் பாக்கேன்” என்றேன். பார்த்தேன். சேலை விலகிக் கிடப்பது, நாக்கு, தலைமுடி – கர்மம்.

சாயங்காலம் மகன் ஈஸ்வரன் போன் செய்தான். நாலு மாசம் கழித்து. திருப்பூரில் கூட வேலை பார்க்கிறவன் எல்லாம் காட்டிக் காட்டிச் சிரிக்கிறானாம். “நீ ஆடுறத நிறுத்து. அதுவரைக்கும் எனக்கு அம்மான்னு ஒருத்தி இல்ல.” வைத்துவிட்டான். சாப்பிட்டாயா என்று கேட்கக்கூட விடவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

லேபர் கிளப் சுவரில் நோட்டீஸ். அடுத்த ஞாயிறு ‘சம்வாதம்’, அதாவது விவாதம். மலையாள மண்ணில் மலையாளத்தில் எழுதினால்தான் மரியாதை போலிருக்கிறது. கீழே தமிழில்: கோயிலில் சாமியாடுவதும் வாக்குச் சொல்வதும் தொடர வேண்டுமா, நிறுத்த வேண்டுமா. நிறுத்தச் சொல்லி ஜீப் ஓட்டும் அருண்பாண்டி. தொடரச் சொல்லி கோயில் தலைவர் பெரியமுத்து அண்ணாச்சி. ஆளுக்கு ஐந்து நிமிடம். நடுவர் ரிட்டயர்டு டீச்சர் ஜானகியம்மாள். கடைசியில் சம்பந்தப்பட்டவர் விரும்பினால் பேசலாம், பிறகு ஓட்டு.

சம்பந்தப்பட்டவர் நான்தான். பேர்கூடப் போடவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

மூன்று பேர். அதில் இரண்டு பேர் வாக்குக் கேட்கவில்லை, சம்வாதத்தில் என்ன பேசப்போகிறேன் என்று கேட்டார்கள்.

மார்ச் 20, வியாழன்

அருண்பாண்டி ஜீப்பை நிறுத்தி ஏற்றிக்கொண்டான். “ஒங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்லத்தே. கண்ட நாயெல்லாம் ஒங்களப் பாத்துச் சிரிக்குது, எனக்குத் தாங்கல.” நல்ல பையன். என் மகனுக்குச் சொல்லத் தெரியாததை அவன் சொன்னான். இறங்கும்போது கண் கலங்கிவிட்டது.

மார்ச் 22, சனி

எழுதிவிடுகிறேன். இந்த டைரியை யார் படிக்கப் போகிறார்கள்?

மூன்று வருடமாக அம்மா என் மேல் இறங்கவில்லை. கொரோனாவுக்குப் பூட்டிய கோயிலைத் திறந்து முதல் திருவிழா. உறுமி அடித்தார்கள். முன்னெல்லாம் உறுமி கேட்டால் முதுகுத்தண்டு சிலிர்க்கும், அப்புறம் எனக்கு ஒன்றும் தெரியாது. அன்று ஒன்றுமே இல்லை. குளிர்தான் தெரிந்தது. இருநூறு பேர் என்னையே பார்க்கிறார்கள். ஐந்து நிமிடம் பொறுத்தேன். அப்புறம் நானாகவே காலை ஆட்டினேன்.

ஏன்டி ஆட்டினாய்? செவ்வாய்க்கிழமைக்காகத்தான். வேறென்ன. அன்று ஆடாமல் நின்றிருந்தால் என் வாசலுக்கு எவள் வந்திருப்பாள்?

ஆர்த்திக்குச் சொன்ன வாக்கும் நானே சொன்னதுதான். செத்துப்போயிருந்தால்?

நாளைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்தால் அண்ணாச்சி ஜெயித்துவிடுவார், செவ்வாய் எனக்கு மிஞ்சும். உண்மையைச் சொன்னால் ஆட்டமே நின்றுபோகும், மகன் மிஞ்சுவான். இரண்டும் வேண்டும் என்றால் கிடைக்குமா?

மார்ச் 23, ஞாயிறு

கிளப் நிறைந்து வாசல்வரை ஆள். டீச்சர் மேசையில் பள்ளிக்கூட மணி, ஓட்டுச் சீட்டுப் போட பிஸ்கட் டின்.

அருண்பாண்டி நன்றாகப் பேசினான். அண்ணாச்சி அதைவிட நன்றாக: “காட்டுக்குள்ள கொண்டாந்து எறக்கிவிட்டப்ப நம்ம பாட்டன் பூட்டனுக்கு ஆஸ்பத்திரி இருந்துச்சா, போலீஸ் இருந்துச்சா? அம்மாதான் வந்து பேசினா. அந்தப் பேச்சுலதான் பொழைச்சோம்.” கைதட்டல். பிறகு மாரீஸ்வரி தானாக எழுந்து ஆர்த்தியின் கதையைச் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எழுந்தேன். “மூணு வருசமா அம்மா என்மேல எறங்கல. நாந்தான் ஆடினேன். வாக்கும் நாந்தான் சொன்னேன்.” அவ்வளவுதான். எனக்குக் கொடுத்த ஐந்து நிமிடத்தில் அரை நிமிடம்கூட ஆகவில்லை.

டீச்சர் மணி அடிக்க மறந்துவிட்டார். அப்புறம் அருண்பாண்டி, “கேட்டுக்கிட்டீங்களா? அத்தனையும் ஏமாத்து” என்றான். என்னைப் பார்க்காமல் சொன்னான். உடனே அண்ணாச்சி எழுந்தார். “அம்மா எங்கயும் போகல. இவளை விட்டுப் போயிருக்கா. இவ என்ன குத்தம் செஞ்சாளோ.”

கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. தொடர வேண்டும் 71. நிறுத்த வேண்டும் 26. ஆட்டம் நிற்கவில்லை. நான்தான் நின்றுபோனேன். அடிப்பாவி, இப்படி ஒரு வழி இருக்கிறது என்று உனக்குத் தோன்றவே இல்லையே.

வாசலில் மாரீஸ்வரி வழிமறித்தாள். “அப்ப எம்புள்ளைக்குச் சொன்னது?” குனிந்து செருப்பைத் தேடினேன். நகர்ந்து வழிவிட்டாள்.

மார்ச் 25, செவ்வாய்

வாசல் தெளித்தேன். விளக்கு ஏற்றினேன். யாருமில்லை.

மார்ச் 27, வியாழன்

நானே ஈஸ்வரனுக்குப் போன் செய்தேன். இனி ஆடமாட்டேன், எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன் என்றேன். சந்தோசப்படுவான் என்று நினைத்தேன். “தெரியும். அதையும் எவனோ படம் எடுத்துப் போட்டிருக்கான். முன்னே ஆடுறவ மகன், இப்ப ஏமாத்துக்காரி மகன்.” என்ன சொல்லிப் போனை வைத்தேன் என்று ஞாபகம் இல்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

மலைக்காட்டில் கொழுந்து எடுக்கும்போது என் வரிசைக்கு அடுத்த வரிசையில் இன்றும் யாரும் நிற்கவில்லை. இன்றைக்கு எத்தனை வார்த்தை பேசினேன் என்று எண்ணிப்பார்த்தேன். ஒன்பது. அதில் நாலு, வாசலுக்கு வரும் பூனையிடம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

திருவிழா. போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். உறுமி கேட்டதும் இருப்புக்கொள்ளவில்லை. ஜீப்புகள் நிற்கிற இடத்தில் ஓரமாக நின்றேன்.

இனி யார் மேல் இறங்குவாள் என்று சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உறுமிக்காரர் கை ஓயும் நேரத்தில் மாரீஸ்வரி அலறினாள். குலவை, வேப்பிலை, மஞ்சள் தண்ணீர். ஆடி விழுவதற்கு முன் அவள் கண் ஓரமாகத் திறந்து கல் இல்லாத இடமாகப் பார்த்தது. வேறு யாரும் கவனிக்கவில்லை. நானும் மூன்று வருடம் அப்படித்தான் பார்த்தேன். எனக்குத் தெரியாதா?

பத்தொன்பது வருடத்தில் நான் யாரிடமும் வாக்குக் கேட்டதில்லை. கேட்க ஆளில்லை. என் கால் போய் வாக்குக் கேட்கிற வரிசையில் நின்றது. முன்னால் இருந்தவர்கள் விலகி இடம் விட்டார்கள், தீட்டுக்காரிக்கு விடுவது மாதிரி. போகட்டும்.

குனிந்து, “எம்மகன் வருவானா தாயே?” என்றேன்.

தலையில் கை வைத்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டாள். நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்புறம் மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “வருவான்” என்றாள்.

பொய். அது பொய் என்று அந்தக் கூட்டத்தில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். இரண்டு பேருக்கு அரிசி போட்டேன்.