மேலிருந்து நான்காவது துளை

மார்ச் 4, செவ்வாய்

எழுத்து எனக்கு வராது. கையெழுத்து கேட்டால் கட்டைவிரல்தான். "தனியா உக்காந்து முணுமுணுக்கிறதை இதுகிட்ட முணுமுணுங்க மாமா, இது எழுதி வெச்சுக்கும்" என்று மருமகள் ஃபோனில் ஏதோ ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறாள். வாய்க்கு வந்தபடி பேசினால் தாறுமாறாக எழுதுகிறதாம். செய்தி வாசிக்கிறவர் மாதிரி நிறுத்திப் பேசினால் ஒழுங்காக எழுதுகிறதாம். சரி, வாசிக்கிறேன். மூலையில் இருக்கிற படத்தைத் தொட்டால் நான் சொன்னதையே திருப்பிச் சொல்கிறது.

இன்றைய செய்தி: எங்கள் அறைக்கு அலமாரி வந்துவிட்டது. வீடுகளுக்கு அலமாரி வரைந்து கொடுப்பதுதான் மருமகள் வேலை. இரண்டு பக்கப் பலகையிலும் மேலிருந்து கீழ்வரை வரிசையாகத் துளை. துளையில் ஆணியைச் செருகி, நாலு ஆணிமேல் தட்டை உட்கார வைத்தால் முடிந்தது. திருகாணி கிடையாது, ஆளைக் கூப்பிட வேண்டாம். தட்டும் அட்டை மாதிரி லேசு. "இன்னிக்கு இங்க வேணும்னா இங்க, நாளைக்கு அங்க வேணும்னா அங்க. உங்க இஷ்டம் மாமா."

கொஞ்ச நாள் எங்களை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வெளி ஆட்களுக்குக் கொடுக்கப் போகிறாளாம். நாங்கள்தான் சோதனை எலி. "எலிக்கு எதுக்கு அலமாரி, ஒரு பொந்து போதாதா?" என்றாள் என் வீட்டுக்காரி.

ஜனவரியில் அளவு எடுத்தபோது இரண்டு பேரையும் சுவரோரம் நிற்க வைத்து, "கை எட்டுற வரைக்கும் தொடுங்க" என்றாள் மருமகள். வீட்டுக்காரி குதிகாலைத் தூக்கிவிட்டாள். கண்டும் காணாத மாதிரி இருந்தேன். பென்சில் கோடு அங்கேயே விழுந்தது.

துண்டு, போர்வை, இவள் தைத்து முடித்த துணி மூட்டை எல்லாம் வைக்கிற நடுத்தட்டு மேலிருந்து நான்காவது துளையில். மனசில் போட்டுக்கொண்டேன். பார்சல் கிடங்கில் பெட்டி அடுக்கிப் பிழைத்தவன் நான். ஒட்டியிருக்கிற சீட்டைப் படிக்கத் தெரியாது. எந்தப் பெட்டி எந்த வரிசை, என்ன நிறக் கயிறு, கொண்டுவந்து போட்டது யார், எல்லாம் மண்டையில்தான். பச்சைக் கயிறு கட்டிய கண்ணாடிப் பெட்டி ஒன்று கேட்பாரில்லாமல் மூன்றாம் வரிசைக் கடைசியில் கிடந்தது. இப்போது எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

மார்ச் 9, ஞாயிறு

முகம் கழுவிவிட்டு, கண்ணைத் திறக்காமல் துண்டுக்குக் கையை நீட்டினேன். கை காற்றைத் துழாவியது. துண்டு கீழே இருக்கிறது. தட்டு ஐந்தாவது துளையில்.

கூடத்தில் மகன் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தான். இவள் தையல் மெஷினில். "தட்டை யாரு இறக்கினது?" என்றேன்.

"எந்தத் தட்டு? ஆரம்பத்துலேர்ந்தே அது அங்கதான் இருக்கு" என்றாள் சத்தமாக. கண்ணைச் சிமிட்டிக்கொண்டு மெஷினுக்குத் திரும்பிவிட்டாள். போன வருஷம் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து எந்நேரமும் சிமிட்டிக்கொண்டேதான் இருக்கிறாள்.

ஆரம்பத்திலிருந்தே ஐந்தாவதா? ஃபோனைத் தொட்டுக் கேட்டேன். நான்காவது என்கிறது. ஆனால் அது நான் சொன்னதைத்தானே சொல்லும். அன்றைக்கே நான் தப்பாக எண்ணியிருந்தால்?

மார்ச் 10, திங்கள்

காலையிலும் ஐந்து. சாயங்காலமும் ஐந்து.

மார்ச் 13, வியாழன்

தாய்க்கும் மகனுக்கும் சண்டை. வழக்கமான சண்டைதான், மெஷின் சண்டை.

"குளியலறையில வழுக்கி விழுந்து முழுசா ஒரு மாசம் ஆகலை. உன்னை யாரும்மா தைக்கச் சொல்றது? கை வலிக்குது, முதுகு வலிக்குதுன்னு ஒரு வார்த்தை வரட்டும், மெஷினைத் தூக்கிப் பழைய சாமான்காரன்கிட்ட போட்டுடுறேன்."

"வலின்னு நான் சொன்னேனா?"

"சொல்ல மாட்டே. அதான் பயம்."

"மெஷினைப் போட்டுட்டு? நாள் பூரா உங்கப்பா மூஞ்சியைப் பாத்துக்கிட்டு உக்காரவா?"

என் மூஞ்சிக்கு என்ன கேடு என்று கேட்க வாயெடுத்தேன். மகன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவன் சொன்னால் செய்கிறவன். என் சைக்கிள் அப்படித்தான் போனது. ஒரே ஒரு தடவை கீழே விழுந்தேன். மறுநாள் வாசலில் சைக்கிள் இல்லை.

மார்ச் 22, சனி

ஆறாவது.

இன்றைக்கு நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் "ஆரம்பத்துலேர்ந்தே" என்பாள். அப்புறம்?

பெரியண்ணனுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. செருப்பை யாரோ மாற்றி வைக்கிறார்கள் என்றான். கொடியில் துணி இடம் மாறுகிறது என்றான். நாங்கள் சிரித்தோம். கடைசியில் சொந்த மகனைப் பார்த்து, "நல்ல பையனா இருக்கே, யாரு வீட்டுப் பிள்ளை நீ?" என்று கேட்டான். அந்தப் பிள்ளை எழுந்து வெளியே போய் நின்றது. அன்றைக்கு அந்தப் பிள்ளை போட்டிருந்த சட்டை நீலக் கட்டம், இரண்டாவது பொத்தான் வேறு நிறம். அதெல்லாம் ஞாபகம் இருக்கு. தட்டு எங்க இருந்துச்சுன்னு மட்டும் எப்படிப் போகும்? மண்டைக்குள்ள முதல்ல போறது கிட்டத்துச் சமாச்சாரம்தான்னு அண்ணனைப் பார்த்த டாக்டர் சொன்னாரே. பழசெல்லாம் கல்லு மாதிரி நிக்கும், நேத்து நடந்தது போயிடும்னு. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இருக்கிறது இந்த மண்டை ஒண்ணுதான். இதுவும் போனா நான் யாரு?

மார்ச் 26, புதன்

மருமகள் டேப்போடு வந்தாள். அலமாரியைப் பார்த்தாள். "மாமா, தட்டை மாத்தினீங்களா? ரெண்டு துளை இறங்கியிருக்கே."

இறங்கியிருக்கிறது என்று அவளும் சொல்கிறாள். அப்படியென்றால் நான்காவதில் இருந்தது நிஜம். சந்தோஷப்பட வாயெடுத்தேன், அதற்குள் வேறு பயம். இறக்கியது யார்? வீட்டுக்காரி இல்லை என்கிறாள். மகன் அந்த அறைப்பக்கமே வருவதில்லை. நானே செய்துவிட்டு நானே மறந்துவிட்டேனா?

"ஆமா, நான்தான்" என்றேன்.

"ஏன் மாமா?"

"கையைத் தூக்க முடியலை. தோள்ல ஒரு பிடிப்பு."

எங்கிருந்து வந்ததோ அந்தப் பிடிப்பு. வீட்டுக்காரி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு ஊசிப்பக்கம் குனிந்துகொண்டாள். தெரிந்துபோயிற்று போல அவளுக்கு, என் மண்டை கழன்றது.

மார்ச் 29, சனி

மகன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். தோளுக்கு.

வழியெல்லாம் வலக்கை வலக்கை என்று சொல்லிக்கொண்டே போனேன். டாக்டர் இடக்கையைத் தூக்கினார், "ஐயோ" என்று கத்திவிட்டேன். "வலதுன்னு சொன்னீங்க?" என்றார். "இதுவும்தான்" என்றேன். பயிற்சிக்கு எழுதிக் கொடுத்தார், இரண்டு கைக்கும். சொன்ன பொய்யைக்கூட மனசில் நிறுத்தி வைக்க முடியவில்லை. எனக்கு வேர்த்துவிட்டது. மகன் ஃபேன் பக்கம் உட்கார வைத்தான்.

ஏப்ரல் 3, வியாழன்

பயிற்சி சொல்லித்தர ஒரு சின்ன வயசுப் பொண்ணு. வாரம் ஒரு தடவை வரச் சொல்கிறாள். சுவரில் விரலை எறும்பு மாதிரி ஏற்ற வேண்டும். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு மணி ஆட்டுவதுபோல் ஆட்ட வேண்டும். துணைக்கு வந்த வீட்டுக்காரி ஓயாமல் கேள்வி கேட்டாள். வெந்நீர் ஒத்தடமா, ஐஸா? எவ்வளவு நேரம்? துணி தைக்கிற மாதிரி வேலை செஞ்சா கெடுதலா?

"இவர் தைப்பாரா?" என்றது அந்தப் பொண்ணு.

"ஆசைப்பட்டா தைப்பார்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும், "அந்த எறும்பு ஏத்துறதை இன்னொரு தடவை செஞ்சு காட்டுங்க" என்றாள். காட்டினேன். "மெதுவா." மெதுவாகக் காட்டினேன். "தனியா செஞ்சா உங்களுக்கு அலுப்பா இருக்கும்" என்று பக்கத்தில் நின்று அவளும் விரலை ஏற்றினாள்.

கல்யாணம் ஆனதிலிருந்து எனக்காக எதிலும் இவ்வளவு அக்கறை காட்டியதில்லை இவள். எனக்கு என்னமோ ஆகப்போகிறது.

ஏப்ரல் 8, செவ்வாய்

டீயில் சர்க்கரை தூக்கலாகப் போட்டுக் கொடுத்தாள். நான் கேட்காமலே. திட்டுவதும் குறைந்துவிட்டது. அண்ணனிடமும் அண்ணி கடைசியில் இப்படித்தான் இருந்தார்.

தட்டு ஆறாவதில்.

ஏப்ரல் 12, சனி

காலையில் நடக்கப் போனவன் மழை பிடித்துக்கொண்டதால் பாதியில் திரும்பினேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்ததால் சத்தமில்லை. அறைக் கதவு பாதி திறந்திருந்தது.

போர்வை, துண்டு, துணி மூட்டை எல்லாம் கட்டில்மேல். வீட்டுக்காரி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறாள். தட்டு அவள் தலைமேல். சும்மாடு வைத்த மாதிரி உச்சந்தலையில் மடித்த துண்டு. கழுத்தால் தட்டைத் தாங்கிக்கொண்டு, இடக்கையால் ஆணியைப் பிடுங்கிக் கீழ்த்துளையில் செருகுகிறாள். வலக்கை உடம்போடு ஒட்டி, அடிபட்ட பறவை இறக்கை மாதிரி மடங்கிக் கிடக்கிறது. கடைசி ஆணிக்குத் தெரியாத்தனமாக அந்தக் கையை நீட்டினாள். "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

நான் வாசலுக்கே திரும்பிப் போனேன். மழையில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு நன்றாக இருமிக்கொண்டு, செருப்பைத் தரையில் அடித்துக்கொண்டு உள்ளே வந்தேன். கட்டில் காலி. தட்டு ஏழாவதில்.

"நனைஞ்சுட்டீங்களே, தலையைத் துவட்டுங்க" என்று துண்டை நீட்டினாள். இடக்கையால்.

என் மண்டை சரியா இருக்கு. சரியாத்தான் இருந்திருக்கு. குதிக்கணும் போல இருந்துச்சு. குதிக்க முடியலை. இவ கை இப்படிப் போயிருக்கு, ஒரு மாசமா எனக்குத் தெரியலையே. துளையை எண்ணிக்கிட்டே இருந்தேன், துளையைத்தான் பாத்தேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

சொன்னால் மெஷின் போகும். சொல்லாவிட்டால் கை போகும். என்ன செய்ய?

ஏப்ரல் 17, வியாழன்

பயிற்சிப் பொண்ணு, "ஐயா, இன்னிக்கு எந்தக் கை?" என்று கேலியாகக் கேட்டது.

"இன்னிக்கு என் கை இல்லம்மா. அதோ உக்காந்திருக்காளே, அவ கை. வலது."

வீட்டுக்காரிக்கு முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. "இவருக்கு என்ன உளறல்" என்றாள்.

"தலையில தட்டைச் சுமந்துக்கிட்டு நின்னதைப் பாத்தேன்."

அந்தப் பொண்ணு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தண்ணி எடுத்துட்டு வரேன்" என்று நைசாக வெளியே போய்விட்டது.

"இப்பதான் பாத்தீங்களா?" என்றாள் இவள். "அப்ப அன்னிக்கு மருமககிட்ட நான்தான் மாத்தினேன்னு ஏன் சொன்னீங்க?"

"வேற என்ன சொல்ல? நானே மாத்திட்டு மறந்துட்டேன்னு நினைச்சேன்."

"எனக்காக இல்லையா?"

நான் என் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டேன்.

"உங்களுக்கு எல்லாம் தெரியும், எனக்காகத்தான் பொய் சொல்றீங்கன்னு நினைச்சேன். எனக்காகத்தான் இங்க வந்து கையைக் காட்டுறீங்க, நான் பாத்துக் கத்துக்கணும்னுதான்னு நினைச்சேன். டீயில சர்க்கரையெல்லாம் கூடப் போட்டேனே."

"முதல் நாளே உன்னைக் கேட்டேன். ஆரம்பத்துலேர்ந்தே அங்கதான் இருக்குன்னே."

"பையன் பக்கத்துல உக்காந்திருந்தான். நான் கண்ணைக் காட்டினேனே!"

"நீ எப்பதான் கண்ணைச் சிமிட்டலை? நான் என்னத்தைக் கண்டேன். பெரியண்ணன் மாதிரி ஆயிட்டேன்னு நினைச்சேன்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன், இல்லை. "ஒரு மாசமா அதை மனசுல வெச்சுக்கிட்டா இருந்தீங்க?" என்றாள். பிறகு அவளாகவே எழுந்து போய் அந்தப் பொண்ணுடைய ஸ்டூலில் உட்கார்ந்து, வலக்கையைப் பார்த்துப் பார்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

தோள்பட்டை இறுகிப்போயிருக்கிறதாம். விழுந்ததிலிருந்து. நாளாகும், ஆனால் சரியாகும் என்றது பொண்ணு. டாக்டரிடம் காட்டாமல் முடியாது, வீட்டில் சொல்லாமலும் முடியாது என்றது. தைக்கலாமா என்று கேட்டதற்கு, தோளைத் தூக்காமல் முழங்கை மேசையில் படிகிற உயரத்தில், நடுநடுவே எழுந்து, கொஞ்சமாக என்றது.

ஏப்ரல் 20, ஞாயிறு

இவளே சொன்னாள். நான் சொல்கிறேன் என்றதற்கு, "நீங்க எந்தக் கைன்னு மாத்திச் சொல்லிடுவீங்க" என்றாள்.

கூடத்தில் எல்லாரும் இருந்தோம். மகன் கடைசிவரை கேட்டான். எழுந்து நேராகப் போய் மெஷினைத் தூக்கினான். இவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

தரையில் இறக்கி வைத்தான். மேசையைக் கவிழ்த்துப் போட்டு, "காலை எவ்வளவு அறுக்கணும்?" என்று மருமகளைக் கேட்டான். அவள் அத்தையை உட்கார வைத்து முழங்கைக்கு டேப் பிடித்தாள். "நாலு விரல்" என்றாள். அவன் ரம்பம் போடும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தான். "தூசி" என்றான்.

பிறகு மருமகள் அலமாரி முன்னால் போய் நின்றாள். "எட்டித் தொடுங்கன்னு நான் கேட்டிருக்கவே கூடாது" என்றாள். "யாரும் எட்டத்தான் பாப்பாங்க." இனி அளவு எடுக்கப் போகிற வீடுகளில், கையில் மடித்த போர்வையைக் கொடுத்து, "வலிக்காம இதை எங்க வைப்பீங்க?" என்று கேட்கப் போகிறாளாம். முதலில் அத்தையிடமே போர்வையைக் கொடுத்தாள். இவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குதிகால் இரண்டும் தரையில் இருக்க, இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வைத்தாள்.

மே 6, செவ்வாய்

பயிற்சிக்கு இவளைக் கூட்டிப் போய் வந்தேன். நான் வெளியே பெஞ்சில். எறும்பு நெற்றி உயரம் வரை ஏறுகிறது என்று சொன்னாள்.

வந்து முகம் கழுவிவிட்டுத் துண்டை எடுத்தேன். தட்டு எந்தத் துளையில் இருக்கிறது என்று பார்க்கவில்லை. வரும் வழியில் இரண்டு தடவை என்னைத் திட்டினாள். டீயில் சர்க்கரை பழையபடி குறைவு.