முன்வாசலில் ஏலம்

பிப்ரவரி 4, செவ்வாய்

ராபின் வந்து வேலியோரம் ‘விற்பனைக்கு’ பலகையை நட்டுவிட்டுப் போனாள். எங்கள் ஊர் கோலாக்கில் வீடு விற்றுத் தரும் ஏஜெண்டுகள் அவளைத் தவிரவும் இருக்கிறார்கள். நாங்கள் ஒருவரையும் விசாரிக்கவில்லை. ஒரே அணியில் நெட்பால் ஆடிய காலத்திலிருந்து கூட இருப்பவளை விட்டு வேறொருவரிடம் கொடுத்தால் ஊர் என்ன பேசும்?

ஏழு லட்சத்து அறுபதாயிரம் டாலர். அதற்குக் கீழே கொடுப்பதில்லை என்று முடிவு. அது வந்தால்தான் டார்க்கீ ஊரில் என் மகள் டீகன் வீட்டுக்கு எதிரே இருக்கும் சின்ன வீட்டை வாங்க முடியும். அவள் இரட்டைக் குழந்தைகளை வைத்துக்கொண்டு தனியாக அல்லாடுகிறாள். அந்த வீட்டுக்காரர் மார்ச் கடைசி வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

“இந்தத் தொகையும் மார்ச் கெடுவும் நம்ம மூணு பேரைத் தாண்டக் கூடாது” என்றாள் ராபின்.

“என்னைப் பாத்து ஏன் சொல்ற? முப்பது வருஷம் ஆட்டு லாரி ஓட்டினவன் நான். ஆடுங்ககிட்டகூட ரகசியம் சொன்னதில்ல” என்றான் ட்ரெவர். என் கணவனுக்கு வாய் மட்டும் குறைச்சலில்லை. மூவரும் சிரித்தோம்.

பிப்ரவரி 8, சனி

வீட்டைப் பார்க்க ஆட்கள் வரும் அரை மணி நேரம் சொந்தக்காரர் இருக்கக் கூடாதாம். எதிர்வீட்டு பெரில் வீட்டு ஜன்னலில் நின்று வேவு பார்த்தேன். உடனே ராபினிடமிருந்து போன். “திரையை விடுடி. உன் மூக்கு தெரியுது.”

ஒருத்தி என் துணி அலமாரியைத் திறந்து மூடினாள். விலைக்குக் கேட்டாளா அதை? ஃபியோனா என்ற பல் டாக்டரும் அவள் கணவரும் மட்டும் சமையலறையை அளவெடுத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்கள்.

பிப்ரவரி 19, புதன்

பல் டாக்டர் தம்பதி மறுபடி வந்தார்கள். ஏழு லட்சத்து எண்பதாயிரம் வரை போவார்கள் என்கிறாள் ராபின். நெவ் ஹாக்கிங்கும் வந்தான், ட்ரெவர் போகும் ஃபுட்டி கால்பந்து கிளப்பின் தலைவன், ஹார்டுவேர் கடைக்காரன். மாடு வாங்க வந்தவன் போலச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தான்.

டீகனுக்கு போன் செய்து, செவ்வாயும் வியாழனும் குழந்தைகள் என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். அழுதாள்.

மார்ச் 1, சனி

எழுத முடியுமா தெரியவில்லை. எழுதுகிறேன்.

இன்று ஏலம். தெருவே வந்து எங்கள் புல்தரையில் நின்றது. பல் டாக்டர் தம்பதி மட்டும் வரவில்லை. நெவ் ஏழு லட்சம் என்றான். ராபின் தொண்டை வறளக் கூவினாள், அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். வேறு ஒரு குரலும் எழவில்லை. எங்கள் விலை வராமல் ஏலம் முறிந்தது.

சமையலறையில் வைத்துப் பேசினோம். நெவ் சொன்னான்: “மார்ச்சுக்குள்ள உங்களுக்குப் பணம் வேணும்ல. ஏழுதான். யோசிச்சுக்கோங்க.”

மார்ச் கெடு அவனுக்கு எப்படித் தெரியும்? நாங்கள் மூன்றே பேர். நான் ராபினைப் பார்த்தேன்.

“கையெழுத்துப் போடாத கிளெனிஸ். எனக்கு ஒரு வாரம் குடு” என்றாள். ஒரு வாரமாம்! இன்னும் யாரிடம் எங்களை விற்க? அவளை வாசலுக்கு இழுத்து வந்து, எல்லார் முன்னாலும், “எவ்வளவு வாங்கினே அவன்கிட்ட?” என்று கத்தினேன். ட்ரெவர் என் தோளைப் பிடித்து, “விடு. இன்னிக்கு விக்கலேன்னா நாளைக்கு இதுகூடக் கிடைக்காது” என்றான். போட்டேன் கையெழுத்தை.

டார்க்கீ வீடு போயிற்று.

மார்ச் 2, ஞாயிறு

ராபினின் எண்ணை போனிலிருந்து அழித்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

மருந்துக்கடை வரிசையில் எனக்கு முன்னால் பல் டாக்டர். ஏன் ஏலத்துக்கு வரவில்லை என்று கேட்டே விட்டேன். அவள் முகம் மாறியது.

“உங்க வீட்டுக்காரர்தான் கேட்டுல நிறுத்திச் சொன்னாரே. ஃப்ரெண்டுக்கு வாக்குக் கொடுத்தாச்சு, சும்மா அலையாதீங்கன்னு.”

மாத்திரையை வாங்காமலே வீட்டுக்கு வந்தேன். அவன் வாஷிங் மெஷினைக் கழற்றிக்கொண்டிருந்தான். கேட்டேன். மறுக்கவில்லை.

“கிளப்புல நெவ் கையை நீட்டினான். ஏழுன்னு சொல்லிக் கை குடுத்துட்டேன். அதுக்கப்புறம் பல் டாக்டர் ஜாஸ்தி தர்றாங்கன்னு போய் நிக்க முடியுமா? காசுக்குப் பறக்கிறவன்னு சொல்லுவானுங்க.”

“மார்ச் கெடு?”

“அதுவும் பேச்சுவாக்குல...”

“நான் ராபினைக் கேட்டப்ப நீ பக்கத்துலதானே நின்னே?”

“நீ அதுக்குள்ள கத்த ஆரம்பிச்சிட்ட. அப்புறம் ஆறிடும்னு விட்டுட்டேன்.”

விட்டுட்டானாம்! என் தோளைப் பிடிச்சானே, அந்தக் கையைத்தான் நெவ்வுக்கும் குடுத்திருக்கான். முப்பத்தாறு வருஷம் இவனுக்குச் சோறு வடிச்ச எனக்கு என்ன பேரு? நெவ் என்ன நினைப்பான்னு யோசிச்சவன் டீகனை ஒரு நிமிஷம் நினைச்சானா? பாவி. படுபாவி.

மார்ச் 20, வியாழன்

ராபின் வீட்டுக்குப் போனேன். கதவைப் பாதிதான் திறந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன்.

“முப்பது வருஷமா என்னைத் தெரியும் உனக்கு. முப்பது செகண்டு யோசிச்சியா? அன்னிக்கிலேர்ந்து, வீட்டை விக்கச் சொல்லியிருந்த ரெண்டு பேர் பலகையைப் பிடுங்கிட்டுப் போகச் சொல்லிட்டாங்க.”

நெவ்வுக்கு எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தை மாற்ற முடியாதாம். கிளம்பும்போது மட்டும், “பணம் வர்றப்ப உன் பாதியைத் தனிக் கணக்குல போடச் சொல்லு” என்றாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

மே 2, வெள்ளி

பத்திர வேலை பார்க்கும் பெண் பணம் போட வேண்டிய கணக்கைக் கேட்டாள். இரண்டு கணக்கு எண்கள் கொடுத்தேன், அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ட்ரெவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மே 24, சனி

டீகன் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி, ஓர் அறை, எனக்கு மட்டும், வாடகைக்கு. குழந்தைகள் இரண்டும் இந்நேரம் என் கட்டிலில் தூங்குகின்றன.

ட்ரெவர் போன் செய்தான். கோலாக்கில் எங்கள் பழைய வீட்டிலேயே குடியிருக்கிறானாம். நெவ் அதை வாடகைக்கு விட்டிருக்கிறான். நாலு வார முன்பணம், ஊரில் என்ன வாடகையோ அதே வாடகை, ஒரு டாலர் குறையவில்லை.

“கேட்டுப் பாத்தேன். வீட்டு விஷயத்துல சிநேகம் பாக்க முடியாதுங்கிறான்” என்றான்.

குழந்தை எழுந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன். இரண்டும் தூங்கிக்கொண்டுதான் இருந்தன.