வடக்குக் கரைச் சிப்பி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. நீ நலமாக இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், படித்து முடித்தபின் எப்படி இருப்பாயோ.

உன் தவளை மாமா ஆஸ்பத்திரியில் இருக்கிறான். என் தம்பி முங்கினால் மேலே வருவதற்குள் நான் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம் என்று கேலி செய்வேனே, இப்போது அவனுக்காக ஓர் இயந்திரம் மூச்சு விடுகிறது. தெற்குக் கரையில் எடுத்த சிப்பியை அவித்துத் தின்றிருக்கிறான். உதடு மரத்துப்போச்சுக்கா, இனிமே உன்னைத் திட்டக்கூட முடியாது போலிருக்கு என்று போனில் சிரித்தான், பொழுது சாய்வதற்குள் கைகால் அசையவில்லை. கடல்பாசி விஷமாம், சிப்பியில் ஏறிவிட்டதாம், முறிக்க மருந்து கிடையாது, தானாக இறங்கும்வரை உயிரைப் பிடித்துவைக்கத்தான் பார்க்கிறோம் என்கிறார் டாக்டர். உன் அத்தை அவன் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அதை வாசலில் குறுக்கே போடுகிறான் என்றுதான் தினமும் சண்டை.

எங்கள் கடல் ஆய்வு நிலையத்தின் கூத்தைக் கேள். ஐந்து நாடு சேர்ந்து கடலைக் காப்பாற்றுகிறோம் அல்லவா, நீ வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்கு ஐஸ் வைத்துச் சிப்பி கட்டி அனுப்புவதும் கூட்டத்துக்குக் கணினியில் அத்தனை முகத்தையும் கொண்டுவந்து நிறுத்துவதும் நான்தான். ஐந்து நாட்டு ஆட்களும் சம்மதித்த பிறகே சோதனை முடிவை வெளியே விட வேண்டும் என்று ஒப்பந்தம். தெற்குக் கரையில் விஷம் என்று நீங்கள் அனுப்பியதை ஐவரும் படித்து, சம்மதித்து, ஒருவருக்கொருவர் நன்றி சொல்லி, கரையில் பலகை வைப்பது அடுத்தவர் வேலை என்று இருந்துவிட்டார்கள். அதன் பிறகு நடந்த கூட்டத்தில் அறிக்கைக்கு நீல அட்டையா பச்சை அட்டையா என்றுதான் பேச்சு. விஷயம் தெரியாமல் நானும் நீலத்துக்குக் கை தூக்கினேன், என்னை யாரும் கேட்கவே இல்லை.

அந்தச் சோதனை முடிவில் உன் பெயரும் இருந்ததாம், இயக்குநர் இப்போதுதான் சொல்கிறார். வெளியே சொல்லாமல் விதிப்படிதான் செய்தாய், தெரியும். மாமாவுக்கு நினைவு வந்து யாராவது சொன்னால்கூட, என் மருமக பேரு அதுல வந்துச்சா என்று பெருமைதான் அடிப்பான். அதை நினைத்துத்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வடக்குக் கரையில் இன்னும் சிப்பிக்கு முங்குகிறார்கள். தின்னாதீங்கப்பா என்று நேற்று போய்ச் சொன்னேன். அது தெக்குக் கரை விஷயம், இங்கயும் இருக்குன்னு உங்க ஆபீஸைச் சொல்லச் சொல்லுங்கக்கா என்று சொல்லிவிட்டு, எனக்கும் ஒரு தட்டு நீட்டினார்கள். அடுத்த கூட்டம் அடுத்த மாதம்.

போனில் பேசினால் நீ அழுவாய், நான் ஜோக் அடிப்பேன், இரண்டும் உதவாது. அதனால் இதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வடக்குக் கரைச் சிப்பிப் பெட்டியிலேயே ஐஸுக்கு மேல் வைக்கிறேன், பெட்டியைத் திறப்பது நீதானே. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அடியில் இருப்பதை உடனே சோதித்துப் பார். முதலில் என்னைக் கூப்பிடு, ஐந்து நாட்டையும் பிறகு கூப்பிட்டுக்கொள். பழைய அலமாரிக் கதவைக் கழற்றி, சிவப்புப் பெயின்டில் விஷம் என்று எழுதி மாடிப்படிக்குக் கீழே சாய்த்து வைத்திருக்கிறேன். கடப்பாரையும் பக்கத்திலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
போனைக் கையை விட்டு இறக்காத
உன் அம்மா