வடிவு வாசித்த விலை

மேல் டிவிசன்,
வட்டகொடை.
28.2.1965

அன்புள்ள மகன் நல்லமுத்துவுக்கு அம்மா காளியாயி சொல்லி எழுதுவது. மாரியம்மாள் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறோம், நீயும் மட்டக்களப்பில் அப்படியே இருப்பாய் என்று நினைக்கிறேன். சுகம் விசாரிக்காமல் கடிதம் தொடங்கக் கூடாது என்பதற்காக இதைச் சொன்னேன், மற்றபடி உன் சுகத்தைக் கேட்கிற மனசு இன்றைக்கு எனக்கு இல்லை. எழுத்தைப் பார்த்ததுமே எழுதுகிறவள் யாரென்று உனக்குத் தெரிந்திருக்கும். வடிவுதான், உன் மாமன் மகள், உனக்கென்று பேசி வைத்த பெண். மூன்று வருஷமாக நான் சொல்லச் சொல்ல எழுதுவதும் நீ போடுகிறதை எனக்குப் படித்துக் காட்டுவதும் அவள்தான். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து, கோழி கிளறின மாதிரி எழுதாதே, தெளிவாக எழுது என்று அவள் கையெழுத்தைத் திருத்தினவன் நீ. அப்படியிருந்தும் போன கடிதத்தை எழுதியிருக்கிறாயே, இதை யார் வாயால் அம்மா கேட்கப்போகிறாள் என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா? யோசிக்கவில்லை என்றால் நீ முட்டாள். யோசித்துத்தான் எழுதினாய் என்றால் அதற்கு என்ன பேர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உன் கடிதத்தைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். அவள் அம்மா ராக்காயி மதினி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வடிவு சிரித்த முகமாகத்தான் பிரித்தாள். பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புக்குப் பொருளியல் பாடம் எடுக்கிறேன், அதிகாரி வந்து பாராட்டினார் என்று எழுதியிருந்த இடத்தில் எங்கள் மூன்று பேருக்கும் பெருமையாக இருந்தது. அதற்குக் கீழேதான் நீ உன் புத்தியைக் காட்டியிருந்தாய். பிரஜாவுரிமை இல்லாத தோட்டத்து ஆட்களில் பெரும்பாலோரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று போன ஐப்பசியில் இரண்டு நாட்டுப் பெரியவர்களும் கையெழுத்துப் போட்டதிலிருந்து பிரஜாவுரிமை உள்ள மாப்பிள்ளைக்குக் கிராக்கி என்றும், கொத்மலைப் பக்கத்துப் பெரிய கணக்கப்பிள்ளை கணேசமூர்த்தி தன் மகளை இந்தியாவுக்கு அனுப்பாமல் இங்கேயே வைத்துக்கொள்வதற்காகப் பத்துப் பவுனும் சைக்கிளும் ரேடியோவும் தருவதாகச் சொல்லுகிறார் என்றும், சொந்தம் என்பதால் மாமா ஐந்து பவுன் போட்டால் போதும் என்றும் எழுதியிருந்தாய். அவள் ஒரு சொல்லைக்கூட விழுங்கவில்லை, குரலும் மாறவில்லை. மதினியின் கையில் சுளகு அப்படியே நின்றுவிட்டது. போதும் நிறுத்துடி என்றேன். இன்னும் ரெண்டு வரிதான் அத்தை இருக்கு, படிச்சிர்றேன் என்று சொல்லி, மாமாவால் முடியாவிட்டால் மனஸ்தாபம் வேண்டாம், கணக்கப்பிள்ளைக்குச் சித்திரைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்கிற அந்த இரண்டு வரியையும் படித்தாள். பிறகு கடிதத்தை மடிப்பு மாறாமல் மடித்து என் கையில் கொடுத்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள். இதை எழுதும்போதுகூட, இது எதுக்கு அத்தை, விடுங்க என்கிறாள். நான் சொல்வதை எழுது என்று அதட்டித்தான் எழுத வைக்கிறேன்.

ஒரு பொருள் குறைவாக இருந்து கேட்கிறவர்கள் கூடினால் விலை ஏறும், இது உலக நடப்பு, நான் வைத்த சட்டமில்லை, இதில் கோபப்பட ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறாய். கோபப்பட ஒன்றுமில்லையா? நீ என்ன மிளகாயா, வெங்காயமா? சரி, மிளகாயையே எடுத்துக்கொள். போன வருஷம் செத்தல் மிளகாய்த் தட்டுப்பாடு வந்தபோது கடைத்தெருவில் ரிஸ்வி நானாவிடம் மட்டும்தான் ஒரு மூட்டை இருந்தது. ஹோட்டல்காரர்கள் கேட்ட விலைக்குக் கொடுத்திருந்தால் ஒரே நாளில் தீர்த்திருப்பார். வீட்டுக்குக் கால் றாத்தல், அதுக்கு மேல ஆருக்கும் இல்ல என்று சொல்லிப் பத்து நாள் வைத்துக் கொடுத்தார். விலையையும் கொஞ்சம் ஏற்றத்தான் செய்தார், நானும் கடை வாசலில் நின்று சண்டை போட்டேன். ஆனால் பழகின முகத்தை அவர் மறக்கவில்லை. கடை வைத்துப் பிழைக்கிற மனுஷனுக்கு இருந்த ஈரம் வாத்தியார் வேலை பார்க்கிற உனக்கு இல்லை. இன்னொன்றும் கேட்கிறேன், உன் வகுப்புப் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பதில் சொல். அடுத்த மாதம் தேயிலைக் கொழுந்து கொட்டும், எடுக்க ஆள் போதாது. உன் பாடப்படி ஆள் குறைந்தால் கூலி ஏற வேண்டும். பத்து வயதிலிருந்து மலையில் நிற்கிறேன், கொழுந்து கூடினால் துரை சம்பளத்தை ஏற்றி நான் பார்த்ததில்லை, றாத்தலைத்தான் ஏற்றுவார். பதினாறு றாத்தல் எடுத்தால் ஒரு நாள் சம்பளத்துக்குப் பேர் போடுகிறவர்கள் பதினெட்டு கேட்பார்கள். நாங்கள் குறைந்தாலும் மலிவுதான், கூடினாலும் மலிவுதான். இந்தத் தோட்டத்தை விட்டால் போக எங்களுக்கு வேறு இடமில்லை என்று அவர்களுக்குத் தெரியும். வடிவுக்கும் போக இடமில்லை என்று தெரிந்துகொண்டுதானே நீயும் றாத்தலை ஏற்றுகிறாய். துரைக்கும் உனக்கும் என்னடா வித்தியாசம்?

நீ எப்படிக் கிராக்கியான ஆளாக ஆனாய் என்று புத்தகத்தில் இருக்காது, நான் சொல்கிறேன். உனக்கு ஆறு வயதில் நெருப்புக் காய்ச்சல் வந்து கிழிந்த துணி மாதிரிக் கிடந்தாய். அந்த நேரம் பார்த்து இந்தியாவில் ஊரில் இருந்த எங்கள் ஆத்தாளுக்கு முடியவில்லை, மகள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று தபால் வந்தது. என்னைத்தான் கேட்டிருந்தாள். உன்னை விட்டுவிட்டு நான் எப்படிப் போவேன்? என் அண்ணன்தான், நீ புள்ளயப் பாரு தங்கச்சி, நான் போயிட்டு வர்றேன் என்று பெண்டாட்டி பிள்ளையோடு கிளம்பினார். ஆத்தாள் சீக்கிரம் கண்ணை மூடவில்லை. பதினாலு மாதம் அங்கேயே கிடந்து கருமாதியும் முடித்துவிட்டு, அங்கே பிறந்த வடிவையும் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். பிறகு பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டபோது, ஒரு வருஷத்துக்கு மேல் நாட்டில் இல்லை என்று அவர் மனுவைத் தள்ளிவிட்டார்கள். நாங்கள் அசையாமல் இருந்ததால் உன் அப்பா மனு ஏறியது, அதில்தான் உன் பேரும் இருக்கிறது. நான் போயிருந்தால் அவரிடம் பிரஜாவுரிமைச் சீட்டு இருக்கும், உன்னிடம் இருக்காது. அவர் இழந்ததுதான்டா உன் கையில் இருக்கிறது. அதை அவருக்கே ஐந்து பவுனுக்கு விற்கப் பார்க்கிறாய்.

உன் அக்கா லெட்சுமியிடமும் அதே சீட்டு இருந்தது. அவள் யாரிடமாவது விலை சொன்னாளா? பெண் கொடுத்துப் பெண் எடுப்பது என்று இரண்டு வீடும் வெற்றிலை மாற்றிக்கொண்டோம். எங்கள் பங்குக்கு லெட்சுமியை அண்ணன் மகன் சோலைமலைக்குக் கொடுத்தோம், ஒரு குன்றிமணி நகை அவர்கள் கேட்கவில்லை. பண்டமாற்று என்று பாடம் நடத்துவாயே, இங்கே பாதி மாற்றிக்கொண்டாயிற்று. மீதிப் பாதிக்கு இப்போது நீ புது விலை சொன்னால் அந்த வீட்டில் இருக்கிற என் மகள் எந்த முகத்தோடு சோறு தின்பாள்? நாளைக்குச் சோலைமலையைக் கப்பலேற்றினால் என் மகளும் பேரப்பிள்ளையும் கூடவே ஏறப்போகிறார்கள். அதை நினைத்தே எனக்கு வயிறு எரிகிறது, நீ சைக்கிளை நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

மதினி சொல்லித்தான் அண்ணனுக்கு விஷயம் தெரிந்தது. அவர் கத்தியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தலையைக் குனிந்துகொண்டு வந்து, செவலைய வித்துப் பாக்கவா தங்கச்சி என்று கேட்டார். ஹட்டனில் நீ தங்கிப் படித்தபோது அந்தச் செவலையின் தாய் கறந்த பாலை விற்றுத்தான் உனக்குச் சாப்பாட்டுக் காசு வந்தது. புதன்கிழமை தலவாக்கலையிலிருந்து மாட்டு வியாபாரியே வந்துவிட்டான். ஊருக்குப் போகப்போகிறோம் என்று பயந்து லயத்துக்கு லயம் மாட்டை விற்கிறார்கள், அதனால் கறவை மாட்டைப் பாதி விலைக்குக் கேட்கிறான். அதுவும் உன் புத்தகத்தில் இருக்கும். அண்ணன் கயிற்றை அவிழ்த்துவிட்டார். நான் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடுங்கி, மாட்டுக்காரனை வாயில் வந்தபடி ஏசித் துரத்தினேன். பாவம், அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை. உன்னை ஏச வேண்டியதை அவன் வாங்கிக் கட்டிக்கொண்டு போனான்.

வேறு விசேஷம் என்றால், தகரத்தில் மறுபடி ஓட்டை விழுந்து அடுப்படி ஒழுகுகிறது. லெட்சுமி மகனுக்குப் பல் முளைத்துவிட்டது. அந்த ஊர் வெயிலில் அலைந்துவிட்டு வந்து உடனே தலைக்குக் குளிக்காதே, உனக்குச் சளி பிடிக்கும். இந்த மாதம் மணியோடர் அனுப்பாதே, அனுப்பினால் வாங்கமாட்டேன். சித்திரை விடுமுறைக்கு ரயிலேறி வா. ஸ்டேஷனில் இறங்கியதும் என் காம்பராவுக்கு வராதே, நேரே மாமா காம்பராவுக்குப் போய் அவர் காலில் விழு. அவர் எழுந்திரு என்று சொன்னால் மற்றதைப் பேசுவோம். கணக்கப்பிள்ளை வீட்டுக்குத்தான் போவாய் என்றால் பவுனையும் ரேடியோவையும் வாங்கிக்கொண்டு அங்கேயே இருந்துவிடு, பெற்றவள் செத்துப்போனாள் என்று சொல்லிக்கொள். அப்படிச் சொல்ல வைக்காதே சாமி. மாரியம்மாள் உனக்கு நல்ல புத்தியைக் கொடுக்கட்டும், நோய் நொடி இல்லாமல் நீ நூறு வயது இருக்கவேண்டும். வரும்போது மாமாவுக்குச் சுருட்டு வாங்கிவர மறக்காதே.

இப்படிக்கு உன் அம்மா,
காளியாயி (கைநாட்டு)

மச்சானுக்கு வடிவு எழுதுவது. அத்தை சொன்னதில் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறேன். இந்த நாலு வரி மட்டும் என்னுடையது, இதை அவர்களுக்குப் படித்துக் காட்டவில்லை. சித்திரைக்குக் கட்டாயம் வாருங்கள், அப்பா காலில் விழுங்கள், அத்தை ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. எனக்காக வர வேண்டாம். ஐந்து பவுனுக்கும் சரி, சும்மாவுக்கும் சரி, நான் இல்லை. அப்பாவோடு கப்பலேறச் சொன்னால் ஏறுவேன், அந்த ஊரில் பிறந்தவள்தானே. இனி நீங்கள் அத்தைக்குப் போடும் கடிதங்களையும் நான்தான் படிப்பேன், அவர்களுக்கு வேறு ஆள் இல்லை. போன கடிதத்தில் கடைசி இரண்டு வரியின் எழுத்து சரியாக விளங்கவில்லை. தெளிவாக எழுதுங்கள்.