பழைய இழுப்புதான்

மார்ச் 3, திங்கள்

ஆமாம், படிப்பைப் பாதியில் விட்டவன்தான். அதற்காக நாடி பிடிக்கக்கூட மறந்துவிடுமா என்ன? அம்மா கேட்டதற்கு வாயால் பதில் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன். நர்சிங்கில் இரண்டாம் வருஷம் வரை போனேன். படிப்பு பிடிக்காமல் இல்லை, ஓரிடத்தில் உட்காரத்தான் முடியவில்லை. இப்போது பைக்கில் பார்சல் கொடுக்கிறேன். அதுவும் உட்கார்கிற வேலைதான், ஆனால் நகர்கிறதே.

அக்காவுக்கு இருமல். பாப்பா பிறந்து ஒரு மாதம், இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இழுப்பு, அதாவது ஆஸ்துமா, உண்டு. நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சை எண்ணினேன். எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் எவருக்கும் மூச்சு மாறிவிடும், அதனால்தான் இந்தத் திருட்டுத்தனம். அக்காவிடம் பலிக்கவில்லை.

"கம்பவுண்டரே, நாடி கையில இருக்கு. நீ ஏன் என் தோளையே பாத்துக்கிட்டிருக்க?"

மூச்சு வேகம். நாடி அதைவிட வேகம். இன்ஹேலர் அடித்தால் நெஞ்சு படபடக்கும், தெரிந்த விஷயம். காலையில் அடித்திருக்கிறாள். கணக்கு சரியாக வந்துவிட்டது.

மார்ச் 5, புதன்

அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குகிறாள். பால் கொடுக்க வசதியாம்.

மார்ச் 8, சனி

அக்காவின் காலில் செருப்பு நுழையவில்லை. பிள்ளை பெற்ற உடம்பு, நீர் வற்ற நாளாகும் என்றாள் அம்மா. கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்தது. கையை எடுத்து, அவளைக் கிண்டல் செய்து முடிக்கும்வரை அந்தக் குழி அப்படியே இருந்தது. அம்மா சொல்வதும் தப்பில்லை. இங்கே ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு பதில் இருக்கிறது. அதுதான் எரிச்சல்.

அம்மாவும் அக்காவும் கிளினிக்குக்குப் போனார்கள். எனக்கு வேலை அவசரம். வண்டியைக் கிளப்பியபடி அம்மாவிடம் சொன்னேன்: "அங்க போய் நீட்டி முழக்காத. பழைய இழுப்புதான், திரும்ப வந்திருக்குன்னு சொல்லு. போதும்."

அம்மா அதையேதான் சொன்னாளாம். அங்கே நிற்க இடமில்லாத கூட்டம். டாக்டர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார், உள்ளே விசில் அடித்திருக்கிறது, இழுப்புக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்.

மார்ச் 11, செவ்வாய்

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மத்தியானம் அம்மா போன் செய்தாள். கையிலிருந்த பார்சலை ஏதோ ஒரு கடையில் போட்டுவிட்டு ஓடினேன். அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேச்சு ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. துப்பியதில் நுரை — லேசாகச் சிவப்பு.

அவசரப் பிரிவில் ஒரு நர்ஸ், என் வயதுதான் இருக்கும். நான் முந்திக்கொண்டு, பழைய இழுப்பு என்று ஆரம்பித்தேன். அவள் நிமிரவே இல்லை.

"நோய் பேரை விடுங்க. நீங்க கண்ணால என்ன பாத்தீங்க, அதைச் சொல்லுங்க."

சொன்னேன். படுத்தால் இருமல் கூடுகிறது. உட்கார்ந்தே தூங்குகிறாள். காலில் குழி விழுகிறது. இன்ஹேலர் அடிக்காத நேரத்திலும் நாடி ஓடுச்சு — அதையும் பாத்தேன், பாத்துட்டு விட்டுட்டேன். பிரசவமாகி ஒரு மாசம். சொல்லச் சொல்ல தனித்தனியா நின்னதெல்லாம் ஒரே வரிசையில வந்து நிக்குது. நான் முடிப்பதற்குள் அவள் ஆக்சிஜனை மாட்டி, இதய டாக்டருக்கு ஆள் அனுப்பிவிட்டாள்.

பிரசவத்தை ஒட்டிச் சிலருக்கு இதயத் தசை தளர்ந்துவிடுமாம். இரத்தத்தைத் தள்ள முடியாமல் நுரையீரலில் நீர் தேங்கும். விசில் அடித்தது அந்த நீர். இந்தப் பாடத்தை நடத்தின அன்னைக்கு நான் கிளாஸ்ல இருந்தேனா? தெரியல.

மூன்று நாள் முன்னால் வந்திருந்தால் சரியாகியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படியெல்லாம் சொல்ல முடியாது என்றார். முடியாதுன்னா, சரியாகியிருக்கும்னு சொல்ல முடியாதா, ஆகியிருக்காதுன்னு சொல்ல முடியாதா?

மார்ச் 12, புதன்

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் ஒருவரைத்தான் விடுகிறார்கள். அக்கா மாஸ்க்கை ஒதுக்கி, பாப்பா பால் குடித்தாளா என்று கேட்டாள். குடித்தாள் என்றேன். பாட்டிலைத் துப்பித் துப்பி அழுதுகொண்டிருந்தாள், அதைச் சொல்லவில்லை.

"மூஞ்சிய அப்படி வெச்சுக்காத கம்பவுண்டரே. பாக்கிறவங்களுக்கு நீதான் நோயாளின்னு தோணும்."

சிரிக்கப் பார்த்தாள், மூச்சு இடம் கொடுக்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

அக்கா போயிட்டா.

மார்ச் 26, புதன்

பாப்பாவைக் கூட்டிப் போக மாமா, அக்கா வீட்டுக்காரர், வந்தார். தூக்கத் தெரியாமல் தூக்கினார், அது வீறிட்டது. திரும்ப அம்மாவிடமே கொடுத்தார். வாசலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விட்டார்.

துக்கம் கேட்க வருகிறவர்களிடம் அம்மா ஒரே கதையைத்தான் சொல்கிறாள்.

"என் பையன்தான் கண்டுபிடிச்சான். அவன் அந்த நர்ஸ்கிட்ட ஒண்ணொண்ணா எடுத்துச் சொன்ன பிறகுதான் இதயம்னே தெரிஞ்சுது. படிப்பு வீணாப் போகல."

வந்தவர்கள் என் முதுகைத் தட்டுகிறார்கள். நான் நிற்கிறேன்.

கிளினிக்கில் என்ன சொல்லச் சொன்னேன் என்பது அவளுக்கு ஞாபகம் இல்லையா? இல்ல, ஞாபகம் இருக்கிறதாலதான் இப்படிச் சொல்றாளா? கேட்கலாம். எட்டடி தூரத்தில்தான் பாட்டில் கழுவிக்கொண்டிருக்கிறாள். நான் இதை எழுதிக்கிட்டிருக்கேன்.

மாடி வீட்டு அண்ணனுக்கு நேற்றிலிருந்து மூச்சு வாங்குகிறதாம். அவர் மனைவி வாசலில் நிற்கிறார். சளிதானா என்று நான் வந்து பார்த்துச் சொன்னால் போதுமாம், டாக்டரெல்லாம் வேண்டாமாம். அம்மா பெருமையாகக் கூப்பிடுகிறாள்.

என்ன நோய்னு சொல்ல மாட்டேன். அண்ணனை பைக்ல ஏத்தி நேரா ஆஸ்பத்திரிக்கு. போகணும்.