அட்டையில் உன் முகம்

உன் நினைவு இதழ் இன்று காலைத் தபாலில் வந்தது. உறையைக் கிழித்ததும் பிளாஸ்டிக் வாடைதான் குப்பென்று அடித்தது. மை வாசனை பேருக்குக்கூட இல்லை. அட்டை முழுக்க உன் முகம். பின்னால் மேகம், இரண்டு புறா, ஒளி வீசும் சிலுவை, கீழே மூன்று நிறத்தில் எழுத்து. 

நம் சபை இதழுக்கு நீ அட்டை போட்ட காலத்தில் இருந்தது ஒரே நிறம். லினோலியம் என்கிற மெத்தென்ற தரைவிரிப்புத் துண்டில், அச்சில் நேராக விழும்படி படத்தைத் திருப்பி வரைந்து, செதுக்கி, நாகர்கோவில் அச்சகத்துக்குச் சைக்கிளில் கொண்டுபோவாய். ஆசிரியன் என்ற மிதப்பில் நான் கட்டுரைத் தலைப்புகளையெல்லாம் அட்டையில் ஏற்றச் சொல்வேன். "ஏலே மக்கா, அட்டை வாசலாக்கும். வாசல்லயே எலையப் போட்டுச் சோறு விளம்பாத" என்பாய்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு மஞ்சள் தாளில் பாதி திறந்த கதவு மட்டும். "பாலன் எங்கடே?" என்று போதகர் பதறினார். "உள்ள இருக்காரு, தொறந்து பாரும்" என்றாய். முதல் பக்கத்தில், தொழுவத்தில் பாலன் இயேசு இருந்தார். அந்த மாதம் ஊரே அதைத்தான் பேசியது.

பிறகு ஆப்செட் அச்சு வந்தது, வண்ணப் புகைப்படம் வந்தது. மணமக்கள், நன்கொடையாளர்கள், பேராயர் என்று ஆளாளுக்கு அட்டையில் ஏறினார்கள். இப்போதோ முக்கால்வாசிப் பேர் இதழைப் போனில்தான் பார்க்கிறார்கள், நகமளவு படமாக. நினைவு இதழுக்கு உன் கதவையே போடுங்கள் என்று இதழ்க் குழுவில் கெஞ்சினேன். "போன்ல பாத்தா ஒண்ணும் வெளங்காது அண்ணாச்சி, மொகம்தான் எடுப்பாத் தெரியும்" என்று முடித்துவிட்டார்கள்.

மதியம் இதழோடு உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரி லீலா அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "அண்ணே, இது யாரு?" என்றாள். உன் கன்னத்து அம்மைத் தழும்பு ஒன்றுகூடப் படத்தில் இல்லை. மூக்கை நேராக்கி, நிறத்தை வெளுத்து, உனக்கு இல்லாத ஒரு சிரிப்பையும் ஒட்டியிருந்தார்கள். "அவிய மூஞ்சி இப்பிடியா இருந்துது?" என்று அட்டையைக் குப்புறப் போட்டுவிட்டு அழுதாள். 

வீட்டுக்கு வந்து கண்ணை மூடி உன் முகத்தைத் தேடினேன். தழும்பு எந்தக் கன்னத்தில் அதிகம்? பாவி எனக்கு நிச்சயமாய்த் தெரியவில்லை, மக்கா. எத்தனை தடவை தேடினாலும் அந்த வெளுத்த சிரிப்புதான் முன்னால் வந்து நிற்கிறது. உன் குரல் மட்டும் என்னிடம் அப்படியே இருக்கிறது. அதற்கும் இப்போது வேறு எவனோ வாயசைக்கிறான்.