கதவுக்கு முட்டுக் கொடுத்த டிஸ்க்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே ஆரம்பிக்கிறேன். இங்கே எல்லோரும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குப் படுக்கிறோம், அதற்கு மேல் நலம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குனியக் கூடாது, கனமான எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவரைச் சும்மா உட்கார வைப்பது பூனையைக் குளிப்பாட்டுகிற வேலை, நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும். இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்பாய். போனை எடுத்தாலே உன் தம்பி பக்கத்தில் வந்து நின்று ஸ்பீக்கரில் போடச் சொல்கிறான். அதனால்தான் கடுதாசி.

தம்பி இப்போது பட்டறையைத் தானே நடத்துகிறான். பழைய பிரேக் டிஸ்க்குகளை வாங்கி, துருவை எடுத்து, லேத்தில் மாட்டி முகத்தைச் சீவி, நடுவில் வெள்ளிப் பெயிண்ட் அடித்துக் கொடுக்கிறான். பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கிறது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று நினைக்காதே, வாங்கிப் போனவர்களே நல்ல வேலை என்கிறார்கள். ஆனால் சீவச் சீவ டிஸ்க் மெலியும் என்று நீயும் கேட்டு வளர்ந்தவள்தானே. இதற்கு மேல் மெலியக் கூடாது என்று ஒவ்வொன்றிலும் ஓர் எண் பதித்திருக்கும். அதைத் தாண்டிப் போனதை அப்பா கிரைண்டரால் விளிம்பில் ஒரு வெட்டு வெட்டித்தான் பழைய இரும்பில் போடுவார், வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது என்று. நம் பின்வாசல் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தோமே ஒரு டிஸ்க், அதுவும் அப்படி மெலிந்ததுதான், ஆனால் அதற்கு மட்டும் வெட்டு கிடையாது. கால் பட்டால் கீறும் என்று வெட்ட வேண்டாம் என்றேன். வீட்டோடு கிடக்கப்போவதுதானே என்று அவரும் விட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் அப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தபடியே, பின்கதவு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது என்று கேட்டார். முட்டுக் கொடுத்த டிஸ்க்கைக் காணோம் என்றேன். மெல்ல எழுந்து உட்கார்ந்தார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். அங்கே தட்டில் பெயிண்ட் அடித்த டிஸ்க் ஒன்று ஒற்றையாகக் கிடந்தது. ஜோடியாகத்தானே சீவுவார்கள், இது ஏன் தனியாக நிற்கிறது என்று விளிம்பைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு என்னை வெர்னியர் வைத்துத் தடிமனை அளக்கச் சொன்னார். நல்ல தடிமன். அப்படியானால் இதன் ஜோடி எங்கே என்று தம்பியைக் கேட்டால், தன் சொந்தக் காருக்கு முன்சக்கரத்தில் ஒரு ஜோடி மாட்டியிருக்கிறான், முகத்தில் அவ்வளவு பெருமை. கதவு டிஸ்க்கைப் பழைய இரும்பில் போட்டுவிட்டேன் என்கிறான். பழைய இரும்புக்காரரோ டிஸ்க் எதுவும் வரவே இல்லை என்று அடித்துச் சொல்கிறார். அன்றைக்கே தம்பியைச் சமையலறையில் தனியாகப் பிடித்துக் கேட்டேன். ஒன்றைத்தான் அளந்தானாம், ஜோடிதானே என்று மற்றதை அளக்கவில்லையாம். தட்டில் கிடந்ததன் ஜோடியோடு அந்தக் கதவு டிஸ்க்கும் சேர்ந்து காரில் ஏறியிருக்கிறது என்றுதானே அர்த்தம்.

சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் அரை மணி நேரத்தில் உண்மை தெரிந்துவிடும். அப்பா குனிய முடியாது, இவன் கழற்ற மாட்டேன் என்கிறான். வாடிக்கையாளர் இரண்டு பேர் நிற்கும்போது அப்பா கேட்டுவிட்டார், அதுதான் வினை. "என் வேலைய நம்பாதவங்க என் சக்கரத்தத் தொட வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். வாரக் கடைசியில் மருமகளையும் பேரக்குட்டியையும் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இறங்கி அவள் அம்மா வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. பிரேக் மிதித்தால் பெடல் நடுங்குகிறது என்று அந்தப் பெண்ணே என்னிடம் சொன்னாள். புது டிஸ்க் பழகப் பழகச் சரியாகிவிடும் என்றானாம். அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், "சமதரையில ஒண்ணும் தெரியாது. எறக்கத்துல மிதிக்க மிதிக்கச் சூடேறும், மெலிஞ்சது தாங்காது, வெடிச்சிடும்." அதைச் சொல்லும்போது அவர் குரல் எழும்பவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கார்ச் சாவியை அப்பா எடுத்துத் தலையணை உறைக்குள் போட்டு அதன் மேலேயே படுத்திருக்கிறார். முதலில் தம்பி கத்தினான், கெஞ்சினான். நேற்றிலிருந்து கம்மென்று இருக்கிறான். சாவியைக் கேட்பதே இல்லை. காப்பி போட்டுக் கொடுக்கிறான், அப்பாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விடுகிறான். கத்துகிறவனை நம்பலாம், இப்படிச் சிரித்துக்கொண்டு திரிகிறவனை நம்ப முடியவில்லை. ராத்திரியெல்லாம் யோசித்த பிறகுதான் நினைவு வந்தது, மாற்றுச் சாவி உன்னிடம் இருக்கிறது. போன தடவை வந்தபோது கைப்பையோடு கொண்டு போய்விட்டாய். அவன் கேட்டிருப்பான், அல்லது கேட்பான், தேனாகப் பேசுவான். சின்ன வயதிலிருந்தே அவன் எதைக் கேட்டாலும் தட்டாதவள் நீ. இந்த ஒரு தடவை கல் நெஞ்சாக இரு. அவன் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், கோபிக்கவாவது ஆள் இருக்க வேண்டுமே.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. உனக்கும் மாப்பிள்ளைக்கும் எந்தக் குறையும் அண்டாமல் நீண்ட ஆயுசோடு இருக்க அம்மாவும் அப்பாவும் வாழ்த்துகிறோம். சாவியை மட்டும் அனுப்பிவிடாதே. மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா

கையெழுத்துப் போட்டு மடிக்கப் போகும்போது கூரியர்காரர் வந்தார். தம்பி பேருக்கு ஒரு சின்ன உறை, உன் கையெழுத்து. நான்தான் வாங்கினேன். உறைக்கு மேலேயே சாவியின் பல் விரலில் தட்டுப்படுகிறது. எழுதியதைக் கிழிக்க மனசு வரவில்லை, அப்படியே அனுப்புகிறேன். என்ன வந்திருக்கிறது என்று தம்பி கேட்டான். தோட்டத்துக்கு விதை என்றேன். சரி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். இப்போது ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், சாவி இரண்டும் எங்களிடம்தான் இருக்கின்றன, ஆனாலும் கார்க் கதவு திறந்திருக்கிறது, குட்டியின் இருக்கையைக் காரின் பின்சீட்டில் வைத்துப் பட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறான், அவசரமே இல்லாமல்.